ஆறு மா நிலமும் என் வாயும்

அந்தக் குடுவை பச்சையாக மாறியபோது நான் முதலில் செய்த காரியம், கலியபெருமாளைத் திட்டியதுதான்.

ஆள் எதிரில் இல்லை. மண்ணைக் கொடுத்துவிட்டுப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. இருந்தாலும் திட்டினேன். எங்கள் மண் ஆய்வுக்கூடத்தில் மண்ணை இடித்துச் சலித்துத் தருகிற ஜமால் பாய் மட்டும்தான் பக்கத்தில் இருந்தார். யார் இந்தக் காலையிலேயே என்னிடம் மாட்டிக்கொண்டது என்று சிரித்தார்.

விஷயம் இதுதான். மண்ணில் கரிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஒரு சிட்டிகை மண்ணைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கரைசலை ஊற்றி, அதன்மேல் அமிலம் விடுவோம். குடுவை கையைச் சுடும். அரை மணி நேரம் ஒதுக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வயல் மண் என்றால் ஆரஞ்சு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். கரிமம் நிறைய இருந்தால் மட்டும் அது ஆரஞ்சைத் தின்றுவிட்டுப் பச்சையாகிவிடும்.

கலியபெருமாள் மண் அரை மணி நேரமெல்லாம் கேட்கவில்லை. நான் அடுத்த குடுவைக்குக் கை வைப்பதற்குள் பச்சை.

வயலில் எடுக்கச் சொன்னால் எருக்குழியில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன் என்று நான் பொரிந்து தள்ளினேன். பாய் சல்லடையைத் தட்டியபடியே, மாட்டுக் கொட்டகை மண்ணாக இருந்தால் இடிக்கும்போதே தெரிந்துவிடும், இது அப்படி இல்லை என்றார். நான் காதில் வாங்கவில்லை. சிட்டா நகலோடு இருந்த மண் பையின் மேல் சிவப்பு மையில் 'மீண்டும் எடுக்கவும்' என்று எழுதினேன்.

இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்ட அன்றே, இந்த அத்தியாயம் ஒருநாள் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மாமியார் வீட்டு அமர்க்களம், சைக்கிள் பழகி வாய்க்காலில் விழுந்தது என்று வாரக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தேன். சிரித்துச் சிரித்துப் படித்ததாகக் கடிதம் போட்டவர்கள் இந்த வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவில் வரும் வயல்

மண் எங்களிடம் எப்படியெல்லாம் வரும் தெரியுமா? ஜவுளிக்கடைப் பையில் வரும். பால் பவுடர் டப்பாவில் வரும். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒருவர் டிபன் கேரியரின் மேல் தட்டில் மண்ணும் கீழ்த் தட்டில் தயிர்ச்சாதமுமாகக் கொண்டுவந்தார். மண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. வரப்போரம் கூடாது, மர நிழல் கூடாது, எரு கொட்டிய இடம் கூடாது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து அரை அடி ஆழம் வரை சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பாகத்தைத் தள்ளி, மிச்சத்தை மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, கடைசியில் அரைக்கிலோ நிற்கும். அதுதான் அந்த வயல். சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

பாதிப்பேர் வண்டியை நிறுத்திய இடத்தில் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். மீதிப்பேர், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டின் நல்ல அறையை மட்டும் காட்டுவது மாதிரி, இருப்பதிலேயே செழிப்பான மூலையாகப் பார்த்து எடுத்துவருவார்கள். பரிசோதனை நிலத்துக்குத்தான், பரீட்சை இல்லை என்று எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டார்கள். நிலத்துக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இந்த ஆசை ரத்தத்திலேயே இருக்கிறது, எனக்கும் சேர்த்துத்தான்.

நாங்கள் கொடுக்கும் கார்டில் 'அங்ககக் கரிமம்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று. 'அதிகம்' என்பதை நெல் வயலுக்கு நான் கடைசியாக எப்போது எழுதினேன் என்று யோசித்தால் எனக்கு ஞாபகமே வரவில்லை. அதனால்தான் கலியபெருமாளை நம்பவில்லை.

நானே போனேன்

மறுபடி எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் குணம் அப்படி. பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பங்குனி வெயிலில் குடவாசல் பஸ் ஏறி, அவர் ஊர் முனையில் இறங்கி, மண்வெட்டிக்கு ஆள் தேடிக்கொண்டு போனேன்.

கலியபெருமாளுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. பேசும்போது ஆளைப் பார்க்காமல் வயலைப் பார்த்துப் பேசுவார். நான் சண்டைக்கு வந்திருப்பது தெரிந்தும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மண்வெட்டியை என் கையில் கொடுத்து, "நீங்களே எந்த எடத்துல வேணும்னாலும் வெட்டிக்குங்கம்மா" என்றார். அவர் மனைவி அஞ்சம்மாள் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆறு மா நிலம் அது. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் இரண்டு ஏக்கர். சுற்றிலும் இருந்த வயல்களில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. களிமண் காய்ந்து, மண்வெட்டியைப் போட்டால் திருப்பி அடித்தது. இவர் வயலிலும் வெடிப்பு இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் மேலே வைக்கோல் மக்கியும் மக்காமலும் மூடிக்கிடந்தது. நடுவில் ஆட்டுப் புழுக்கை. நான் வெட்டியெடுத்த கட்டியைக் கையில் வைத்து அழுத்தினேன். பொலபொலவென்று உதிர்ந்தது.

மண்வாசனை மண்வாசனை என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். முப்பது வருஷம் மண் தூசியில் இருந்தவளுக்கு அது தும்மல்தான். ஆனால் அந்த வயலில் பதினைந்து குழி வெட்டினேன், பதினைந்திலும் மழைக்கு அப்புறம் காளான் பூத்த இடத்தின் வாசம் வந்தது. ஒவ்வொரு குழியாகப் போகப்போக என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கடைசிக் குழியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

எப்படி இது என்று கேட்டேன். அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக, சம்பாவுக்கு முன்னால் வரும் குறுவைப் போகம் போடுவதில்லையாம். அந்தப் பருவத்தில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதுவிடுவாராம். கோடையில் ராமநாதபுரத்து ஆட்டுக்காரர்களை வரவழைத்து, ராத்திரியில் ஆடுகளை வயலிலேயே அடைத்துக் கிடை போடுவாராம். மிஷின் அறுத்துப் போட்ட வைக்கோலைக் கட்டு கட்டுகிறவனுக்கு விற்காமல் வயலிலேயே விட்டுவிடுவாராம். சம்பா அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து வந்தவரை வரும், செடியை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுத்துக்கொள்வாராம்.

ஊரில் எல்லோரும் இரண்டு போகம் எடுக்கும்போது ஒரு போகம் எடுக்கிற மனுஷனை என்ன சொல்வார்கள்? சோம்பேறி என்றார்கள். அதுவும் சொந்த நிலம் இல்லை, குத்தகை நிலம். ஊரான் நிலத்துக்கு ஊட்டி வளர்க்கிறான் என்று டீக்கடையில் கேலி. அஞ்சம்மாளே பல நாள் இதைச் சொல்லிச் சண்டை போட்டதாக அவளே சொன்னாள்.

குத்தகை என்றால் பத்திரம் எழுதிய குத்தகை இல்லை, வாய்வார்த்தை. வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல் அளந்துவிட வேண்டும், அவ்வளவுதான். யார் பயிர் செய்கிறார் என்று எழுதும் அடங்கலில்கூட அவர் பெயர் கிடையாது. நிலத்துக்காரர் பெயரை நான் அப்போதுதான் சிட்டா நகலில் சரியாகப் படித்தேன். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். ரிட்டையர் ஆகிக் கும்பகோணத்தில் இருந்தார். வீட்டுக்காரர் காலமான பிறகு நிலம் அவர் பெயருக்கு மாறியிருந்தது. அந்த நிலத்தில் அவர் கால் வைத்தே பல வருஷம் ஆகியிருக்கும்.

புறப்படும்போது கலியபெருமாள் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். எதையோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது.

"கார்டு வந்தா எங்கையில குடுங்கம்மா. டீச்சரம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"ஏங்க, நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிங்கிறதாலதாம்மா."

சரி என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நானே எடுத்துவந்த மண்ணும் குடுவையில் பச்சையாகத்தான் போனது. மண்ணைப் பாதியாகக் குறைத்துப் போட்டுத்தான் கணக்கே எடுக்க முடிந்தது. 'அதிகம்' என்று எழுதும்போது என் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்தது. ஜமால் பாய் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

பந்தியில் நடந்தது

அடுத்த தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து இலைக்காரரைப் பார்த்தேன். டீச்சர்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் இதே டீச்சர் என்னை எழுப்பி நிற்க வைத்து, இவள் பாஸ் பண்ணினால் அதிசயம்தான் என்று நாற்பது பேர் முன்னால் சொன்னார். நல்ல டீச்சர்தான், அடிக்க மாட்டார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை வருஷம் சுமந்தேன் என்று அவருக்குத் தெரியாது. வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது என்ன பண்ணுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். மண்ணைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பீர்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். அங்கேதான் என் வாய் திறந்தது.

"உங்க நிலத்தைக்கூட நான்தான் டெஸ்ட் பண்ணினேன் டீச்சர். இந்தச் சுற்றுவட்டாரத்துல அப்படி ஒரு நிலம் கிடையாது. தங்கம்."

நிஜமாகவா என்று கேட்டார். அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் மறுபடியும் சொன்னேன். கரிமம் என்றால் என்ன, அது இருந்தால் உரம் எவ்வளவு மிச்சம், தண்ணீர் எப்படி நிற்கும் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். டீச்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என் பேச்சை அப்படிக் கேட்டதே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ரசம் வரும்போதுதான் கலியபெருமாள் ஞாபகம் வந்தது. சேச்சே, டீச்சர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாயசத்துக்கு இலையைச் சரிசெய்தேன்.

டீச்சர் அப்படிப்பட்டவர் இல்லைதான். இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து மகன் போனில் பேசும்போது, நம்ம நிலம் தங்கமாம் என்று ஆசையாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு நல்ல நிலத்துக்கு ஏன் இவ்வளவு குறைவாக நெல் வருகிறது, ஏன் ஒரு போகம்தான் எடுக்கிறார்கள் என்று மகன் கேட்டிருக்கிறான். நியாயமான கேள்வி. அவன் இருந்தது துபாயில். கேட்பதற்கு முன் வந்து பார்த்திருக்க அவனால் முடியாது.

பூத்துவிட்ட தக்கைப்பூண்டு

ஆனி மாதம். ஆய்வுக்கூட வாசலில் அஞ்சம்மாள் நின்றாள். உள்ளே வரச்சொன்னால் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

டீச்சரம்மா காரில் வந்தாராம். இந்தச் சாகுபடியிலிருந்து நிலத்தை வேறு ஒருவருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாராம். அந்த வேறு ஒருவர் சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர், பல பேர் நிலத்தை எடுத்து இரண்டு போகம் செய்கிறவர். டீச்சரம்மா மரியாதையாகத்தான் சொன்னாராம், தட்டில் பழம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

இதைச் சொல்லிவிட்டு அஞ்சம்மாள் அழுதது நிலத்துக்காக இல்லை.

"சொல்லிட்டுப் போன மறுநாளே டிராக்டரக் கூட்டியாந்து தக்கைப்பூண்டை மடக்கி உழுவுறாரு மேடம். யாருக்கு உழுவுறீங்கன்னு கேட்டா, பூத்துருச்சு, விட்டா முத்திரும்ங்கிறாரு."

அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். மேடம் டீச்சரம்மாவிடம் படித்தவங்க என்று கேள்விப்பட்டாளாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்களாம். சொல்ல முடியுமா என்று கேட்டாள். என்னிடம் கேட்டாள்.

அன்றைக்கே போன் செய்தேன். அதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், செய்து ஒன்றும் ஆகவில்லை. மகன் பேசி முடித்துவிட்டான், அந்த ஆளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார் டீச்சர். உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஜலதோஷம் என்றேன். கலியபெருமாளுக்கு நான் கொடுத்த வாக்கைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை, அஞ்சம்மாளிடமும் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் மண்ணில் குற்றம் கண்டுபிடிக்கிற எனக்கு என் குற்றத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

முதல் வருஷம் அந்த நிலத்தில் குறுவையும் சம்பாவும் அமோகமாக விளைந்தது. விளையாமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வருஷத்துச் சேமிப்பு. புது ஆள் கைராசிக்காரர் என்று பேசிக்கொண்டார்கள். குறுவை அறுத்த கையோடு வைக்கோலைக் கொளுத்திவிட்டு மறுபடி சேறடித்தார். இரண்டாம் வருஷமும் பரவாயில்லை. மூன்றாம் வருஷம் யூரியா மூட்டை கூடியது. நாலாம் வருஷம் பயிர் சாய்ந்தது, புகையான் பூச்சி விழுந்தது. இதெல்லாம் எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நானேதான் அந்தப் பக்கத்து ஆட்கள் மண் கொண்டுவரும்போதெல்லாம் வாயைக் கிளறிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு கூட்டம் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ரிட்டையர் ஆகிவிட்ட சமயம், திருப்பனந்தாள் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். வயல் மண்ணில் கரிமத்தைச் சேர்த்து வைத்தால் அதற்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் காசு கொடுக்கும் என்று ஒரு பையன் படம் போட்டு விளக்கினான். நன்றாகவே பேசினான். அவன் சொன்னது எல்லாம் சரி: உழவைக் குறை, வைக்கோலை எரிக்காதே, பசுந்தாள் போடு, அப்போது காற்றில் போகிற கரி மண்ணில் தங்கும். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். காசு யார் பெயரில் வரும்? பட்டாதாரர் பெயரில் என்றான். செய்கிறவன் வேறு ஆளாக இருந்தால்? அதற்கு இன்னும் வழி செய்யவில்லை மேடம் என்றான். பொய் சொல்லாமல் சொன்னானே என்று உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் கேட்ட கேள்வி

போன மார்கழியில் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டது, கையில் ஊன்றுகோல். மற்றொரு கையில் புதுக் கார்டு. டிராக்டர்காரர் நிலம் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டாராம். போகும்போது, வீணாய்ப்போன நிலத்தை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். டீச்சருக்கு அது தாங்கவில்லை. மறுபடி மண் எடுத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

கரிமம்: குறைவு.

"நீதானே வசந்தி தங்கம்னு சொன்னே? அப்ப தப்பா எழுதிட்டியா?"

தப்பாக எழுதவில்லை என்றேன். கரிமம் என்பது நிலத்தோடு பிறந்தது இல்லை டீச்சர் என்றேன். செத்த இலையும் வேரும் வைக்கோலும் புழுக்கையும் மக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன, அவை தினமும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். போடுகிறதை நிறுத்திவிட்டு அடிக்கடி கிளறிக்கொண்டே இருந்தால் தின்றது காற்றோடு போய்விடும். சேர்வதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், போவதற்கு நாலைந்து வருஷம் போதும்.

டீச்சர் கணக்கு டீச்சர். கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அப்ப அது அத்தனையும் கலியபெருமாள் போட்டதா?"

ஆமாம் என்றேன்.

"நீ நிலம் நல்ல நிலம்னுதான் சொன்னே. ஆளு நல்ல ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே வசந்தி."

அவர் குரலில் கோபம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் சொன்னதைவிட இது எனக்கு வலித்தது, ஏனென்றால் இது சரி. அன்றைக்குப் பந்தியில் நான் அத்தனை நேரம் பேசினேன். தக்கைப்பூண்டைப் பற்றிப் பேசவில்லை. குறுவையை விட்டுக்கொடுத்ததைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் குத்தகைக்காரர் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டிருக்கிறார் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் டீச்சர் அவரை விட்டிருக்கவே மாட்டார். கார்டில் ஆளுக்கு ஒரு கட்டம் கிடையாது என்று இப்போது சாக்குச் சொல்லலாம். என் வாய்க்குக் கட்டம் யார் போட்டது?

டீச்சர் போகும்போது, நிலத்தைக் கலியபெருமாளுக்கே கொடுத்துவிடுகிறேன், இந்த முறை பத்து வருஷத்துக்கு எழுதியே கொடுத்துவிடுகிறேன், மகனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். நீயே போய்ச் சொல் என்றார்.

வடிகால் ஓரத்து வயல்

பொங்கல், வீட்டில் விருந்தாளிகள் என்று தள்ளித் தள்ளி, மாசி பிறந்த பிறகுதான் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து என்னென்னவோ பேசிப் பார்த்துக்கொண்டேன். எழுத்தில் பத்து வருஷம் என்று முதலில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

வீட்டில் அஞ்சம்மாள் இருந்தாள். வடிகால் ஓரத்தில் வயல் எடுத்திருக்கிறார், ஒரு வருஷக் குத்தகை, அங்கே போங்கள் என்றாள். ஊர் தாண்டும்போதே புகை தெரிந்தது. யாரோ வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று நினைத்து, வழக்கம்போல மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் நடந்தேன்.

கொளுத்திக்கொண்டிருந்தது கலியபெருமாள்.

மிஷின் அறுத்துப் போட்ட வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடந்தது. கையில் எரிகிற ஒரு பிடி வைக்கோலோடு ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து குனிந்து வைத்துக்கொண்டு போனார். ஒரு முழங்காலில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டு மிதித்து அணைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

நான் பஸ்ஸில் தயார் செய்தது எதுவும் வரவில்லை. நீங்களா கொளுத்துகிறீர்கள் என்றுதான் வந்தது.

"அடுத்த வருசம் இது யாருக்குப் போவுமோ" என்றார். கட்டு கட்டுகிற மிஷின் இந்த வருஷம் இந்தப் பக்கம் வரவில்லை என்று ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி சேர்த்துச் சொன்னார்.

டீச்சர் சொன்னதைச் சொன்னேன். பத்து வருஷம், எழுத்தில், அவர் பெயரில். கொட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், வயலைப் பார்த்தபடி. சந்தோஷப்படுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மண்ணு எப்படி இருக்காம்மா இப்ப?"

குறைவு என்றேன்.

தலையை ஆட்டினார். தெரிந்த விஷயம்தான் போல. குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"அத மறுபடி கொண்டாரதுக்கு இன்னொரு பன்னெண்டு வருசம் வேணும்மா. எனக்கு ஏது அவ்வளவு வருசம்? டீச்சரம்மாவ வயசுப் புள்ள யாருக்காவது குடுக்கச் சொல்லுங்க."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் சொன்னேன் என்றேன். கல்யாணத்தில், பந்தியில், டீச்சரிடம் நான்தான் சொன்னேன், உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னேன் என்று அந்தப் புகையில் நின்றுகொண்டு அழுதேன். அறுபது வயதுக்காரி அழுவதைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

"அன்னைக்கே தெரியும்மா. நெலத்தக் கேக்க வந்தப்ப டீச்சரம்மாவே சொன்னாங்க, லேபுக்காரப் பொண்ணே சொல்லிட்டா தங்கம்னு. நீங்க உள்ளதைத்தானே சொன்னீங்க."

அன்றைக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் அவர் என் மகள் கல்யாணத்துக்குப் புருஷனும் பெண்சாதியுமாக வந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் கஜா புயலுக்கு அப்புறம் என் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஆள் அனுப்பினார். அத்தனைக்கும் அவருக்குத் தெரியும்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"காத்து இந்தப் பக்கம் திரும்புது. அந்த வரப்புல போயி நில்லுங்கம்மா, உங்களுக்குப் பொகை ஒத்துக்காது."

அவர் காட்டிய வரப்பில் போய் நின்றேன். அவர் அடுத்த வரிசைக்குக் குனிந்தார்.